இருபத்தொன்றாவது ரவிக்கையை யார் தைப்பது?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தோட்டத்து வீடுகளில் தையல் மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். காலையில் பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கைகள் மாலையில் கத்தரியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டம்மாளின் ரவிக்கை, எதிர் வீட்டுப் பிள்ளையின் பாவாடை சட்டை, தண்டல் வீட்டு மகளின் பஞ்சாபி உடை, பாதி வெட்டிய தலையணை உறை என்று நாலைந்து வேலைகள் ஒரே மேசையில் குவிந்து கிடக்கும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்கும். "அக்கா, இது ஒண்ணே ஒண்ணுதான்க்கா. எப்படியாவது தைச்சுக் குடுத்துடுங்க!"

முடியாது என்று சொல்ல நாவு எழுமா? ஒரே லயத்தில் இருப்பவர்கள். நாளைக் காலை பெரட்டில் முகம் பார்க்க வேண்டியவர்கள். "சரி, வெச்சிட்டுப் போ" என்று சொல்லிவிடுகிறோம். விளைவு என்ன? தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவில் பலகாரச் சட்டி ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். வாங்கிய துணியெல்லாம் எப்படியோ தைத்து முடித்தாலும், தைத்தவள் பெற்ற பிள்ளையின் சட்டைக்கு இன்னும் காஜா எடுத்திருக்காது.

இது உழைப்புக் குறைவால் வரும் தொல்லை அன்று, சகோதரிகளே. நம் பெண்களின் உழைப்பை யார் குறை சொல்ல முடியும்? கணக்குப் போடாமல் வாக்குக் கொடுப்பதால் வரும் தொல்லை இது.

மணியை எண்ணுங்கள்

எத்தனை துணி வந்திருக்கிறது என்று எண்ணுவதற்கு முன், கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விடியற்காலையில் வேலைக்குப் போய், நண்பகலுக்கு மேல் வீடு திரும்பி, சமைத்து, துவைத்து, பிள்ளைகளின் பாடத்தையும் பார்க்கும் ஒரு தாய், மாலையில் ஒரு மணி நேரமும் இரவில் இரண்டு மணி நேரமும் மெஷினில் உட்கார்ந்தால் அதுவே பெரிது. நாளைக்கு 3 மணி, வாரத்தில் 6 நாள். ஆக 18 மணி. தீபாவளிக்கு முந்திய ஐந்து வாரத்துக்கு 90 மணி.

இதில் கடைசி வாரத்து 18 மணியை யாருக்கும் வாக்களிக்கக்கூடாது. கை இறுக்கம், கழுத்து இறக்கம் என்று திரும்பி வரும் துணிகளைச் சரிசெய்ய அந்த வாரம் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மின்சாரம் தடைபட்டாலும் கைகொடுப்பது அதுதான். மீதி 72 மணி. சொந்த வீட்டுத் துணிகளுக்கு 12 மணியை முதலிலேயே ஒதுக்கிவிட்டால், ஊராருக்கு நிற்பது 60 மணி.

லைனிங் வைத்த ஒரு ரவிக்கைக்கு, வெட்டுவது முதல் கொக்கி தைப்பது வரை, 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 20 ரவிக்கை தைக்கலாம். உங்கள் கைவேகம் எவ்வளவு என்று ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு சிறிது மாறலாம்; எல்லை என்று ஒன்று மாறாமல் இருக்கும். இருபத்தொன்றாவது ரவிக்கையை வாங்கும்போது, உங்கள் தூக்கத்திலிருந்தோ உங்கள் பிள்ளையின் சட்டையிலிருந்தோ அந்த மூன்று மணி நேரத்தை எடுக்கிறீர்கள் என்று பொருள்.

ஆகவே முதல் வேலையாக, சொந்தப் பிள்ளைகளின் துணியை வெட்டித் தைத்து, மடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இது தன்னலமாகாது. வீட்டு வேலை முடிந்த நிம்மதியில்தான் ஊரார் வேலையும் ஒழுங்காக நடக்கும்.

சம்பளமும் நாட்காட்டியும்

தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்து வரும் பண்டிகை. 2025-இல் அக்டோபர் 20-இல் வந்தது. 2026-க்கு நவம்பர் 8. தையல் செய்பவர்கள் இதைச் சம்பள நாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேசிய வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். தீபாவளி நவம்பர் 8 என்றால், அக்டோபர் சம்பளம் பண்டிகைக்கு முதல் நாள்கூட வரலாம். அந்தப் பணத்தை நம்பித் துணி வாங்கக் காத்திருப்பவர்கள் எந்த நேரத்தில் உங்கள் வாசலுக்கு வருவார்கள்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனவே அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அக்டோபர் ஏழுக்குள் வரும் சம்பளத்தில் துணியை எடுத்துவிடுங்கள். பதினைந்தாம் தேதிக்கு மேல் நான் துணி வாங்கமாட்டேன்." கிள்ளான் தெங்கு கெலானா சாலைக்கோ, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்கோ, சிங்கப்பூர் என்றால் தேக்காவுக்கோ கூட்டம் சேருமுன் போனால் துணியையும் நிதானமாகப் பார்த்து எடுக்கலாம்.

ரப்பர்த் தோட்டத்தாருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆண்டுக் கடைசி மாதங்களில் மழை அதிகம். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும் என்பதால் அன்று வெட்டு இல்லை, வருமானமும் குறையும். பண்டிகைச் செலவு கூடும் நேரத்தில் கூலி குறைவதால்தான் தையல் காசு நம் குடும்பங்களுக்குப் பெரும் துணையாகிறது. மழை நாளில் பகல் நேரம் கிடைக்கும். கறுப்பு, கருநீலத் துணிகளை அந்தப் பகல் வெளிச்சத்தில் தைத்து, வெளிர் நிறத் துணிகளை இரவுக்கு வைத்துக்கொண்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

ஒரே மேசையில் நான்கு வேலை

பல வேலைகளை ஒன்றாக எடுத்தவர்கள், ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொட வேண்டும் என்பதில்லை. ஒரே வகை வேலைகளைச் சேர்த்துச் செய்வதே சுலபம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பெயர், அளவு, துணியின் நிறம், கொடுக்கும் தேதி, முன்பணம் என ஐந்து கட்டங்கள் போதும். ஒவ்வொருவர் துணியையும், லைனிங், கொக்கி, பட்டனோடு தனித்தனிப் பையில் போட்டுப் பெயர்ச் சீட்டைக் குத்திவிடுங்கள். ஒருவர் கையை இன்னொருவர் ரவிக்கையில் வைத்துத் தைக்கும் குழப்பம் நேராது.

பருத்தித் துணியையும் லைனிங்கையும் வெட்டுமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். அடர்ந்த சிவப்பு, நீலத் துணிகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

வெட்டும் வேலைக்கு ஒரு நாளை ஒதுக்கி, நாலைந்து துணிகளைச் சேர்த்து வெட்டுங்கள். தைக்கும்போது ஒரே நிற நூலுக்குரிய துணிகளைச் சேர்த்துத் தைத்தால் அடிக்கடி பாபின் மாற்ற வேண்டியதில்லை. மெல்லிய வாயில், பட்டுக்கு 11-ஆம் எண் ஊசி. சாதாரணப் பருத்திக்கு 14. தடித்த துணிக்கு 16. ஊசி மழுங்கினால் துணியில் நூல் இழுபடும். பண்டிகைத் தையலை மழுங்கிய ஊசியோடு தொடங்க வேண்டாம். அது சில காசு செலவுதான்.

மெஷினுக்கு எண்ணெய் விட்டபின் ஒரு கந்தைத் துணியில் சிறிது நேரம் ஓட்டிவிட்டே நல்ல துணியை வையுங்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் கையை நன்றாகக் கழுவி, வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு உட்காருங்கள். ரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் அந்தக் கறை எளிதில் போகாது.

கொக்கி, பட்டன், ஓரம் மடித்தல் போன்ற கைவேலைகளைச் சேர்த்து வையுங்கள். வயதான மாமியாரும் பள்ளிவிட்டு வரும் மகளும் பேசிக்கொண்டே அவற்றை முடித்துக் கொடுப்பார்கள். மகனும் கணவரும் இஸ்திரி போட்டால் கை தேய்ந்தா போய்விடும்?

கூலி கேட்க வெட்கமா?

"தெரிஞ்சவங்கதானே, பத்து வெள்ளி குடு போதும்" என்று சொல்லும் அக்காமார்கள் நம்மிடையே அதிகம். பத்து வெள்ளிக்கு மூன்று மணி நேரம் உழைத்தால் மணிக்கு 3 வெள்ளி 33 காசுதான் தேறும். அதிலும் நூலும் மின்சாரமும் உங்களுடையது!

2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. வீட்டில் சொந்தமாகத் தைப்பவருக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வதில் என்ன தவறு? மூன்று மணி நேரத்துக்கு 26 வெள்ளி சொச்சம் வருகிறது. லயத்துக்காரர் என்று சலுகை காட்டுவது உங்கள் மனம். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு காட்டுங்கள். துணி வாங்கும்போதே பாதிப் பணம் வாங்கிவிட்டால், பிறகு கடனைக் கேட்டு முகம் சுளிக்க நேராது.

பண்டிகைக்குப் பின்னும் உண்டு

தீபாவளியோடு மெஷின் ஓய்ந்துவிடாது. சில ஆண்டுகள் மார்ச்சிலும், 2025-இல் பிப்ரவரியிலும் தொடங்கிய மலேசியப் பள்ளித் தவணை, 2026-இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. ஆகவே டிசம்பரில் வெள்ளைச் சட்டை, கருநீலப் பினாஃபோர், காற்சட்டைகள் வரிசையில் நிற்கும். அதன் பின்னால் பொங்கல். அடுத்துத் தைப்பூசத்துக்கு மஞ்சள் துணிகள். பள்ளி உடுப்புக்கு அடியில் இரண்டு அங்குலம் கூடுதலாக மடித்துத் தைத்தால் பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைகளைச் சேர்த்து வெட்டினால் நேரமும் மிச்சம்.

வெட்டுத் துணியில் ஒரு போர்வை

இத்தனை வேலைக்கிடையில் போர்வை தைக்கவும் முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், அதற்கென்று தனி நேரமும் வேண்டாம்.

மலாய்க்காரர்கள் 'பெர்ச்சா' என்று சொல்லும் துண்டுத் துணிகளை நாம் குப்பையில் போட்டுவிடுகிறோம். அவற்றில் பருத்தியை மட்டும் பொறுக்கி, 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி மெஷின் அருகே ஒரு டின்னில் போட்டு வையுங்கள். ரவிக்கையில் ஒரு தையல் முடிந்ததும் நூலை அறுக்காமல், இரண்டு சதுரங்களைச் சேர்த்து ஊசியின் கீழ் ஓட்டிவிட்டுப் பிறகு அறுங்கள். நூலும் வீணாகாது; ஒரு ஜோடியும் சேர்ந்துவிடும்.

நாளைக்கு நான்கு ஜோடி என்றால், முப்பது தையல் நாளில் 120 ஜோடி. ஓரத்துக்குக் கால் அங்குலம் போக ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலம் நிற்கும். ஒன்பது ஜோடிகளை நீளவாக்கில் இணைத்தால் ஒரு வரிசை. அப்படிப் பதின்மூன்று வரிசைக்கு 117 ஜோடி போதும். 58 அங்குல அகலம், 81 அங்குல நீளத்தில் ஒருவர் போர்த்திக்கொள்ளும் போர்வை தயார். உள்ளே ஒரு பழைய நூல்புடவை, அடியில் ஒரு பழைய கைலி வைத்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் நம் ஊர் மழைக்குளிருக்கு அது போதும். வரிசைகளை இணைக்கும் வேலையைத் தைப்பூசம் கழித்து, மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்க வேண்டாம். தன் பிள்ளை போர்த்திக்கொள்ள, ஊரார் துணியின் மிச்சத்தில் ஒரு தாய் தைத்ததாக இருக்கட்டும்.

வாசலில் நிற்பவளுக்கு என்ன பதில்?

ஒரு காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் நிற்பதற்குள் அவசர அவசரமாகத் தைத்தார்கள் நம் தாய்மார்கள். தவணைக்கு எடுத்த மெஷின் பல குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தில் பிறந்தவர்கள் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். தைத்த உடைகள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் அளவெடுத்து உடம்புக்குப் பொருந்தத் தைத்த ரவிக்கைக்கு இன்றும் ஆள் தேடித்தான் வருகிறார்கள்.

தைப்பவர்கள் குறைந்துவருகிறார்களே என்று வருந்துவதைவிட, பக்கத்தில் தையல் பழகிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பாருங்கள். பயிற்சி முடித்தும் முதல் துணி கொடுக்க ஆளில்லாமல் அவள் காத்திருக்கலாம். "என் கணக்கு முடிஞ்சுபோச்சும்மா. அந்த வீட்டுத் தங்கச்சி நல்லா தைக்கும். வெட்டும்போது நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். வந்தவள் வெறுங்கையோடு திரும்பமாட்டாள். உங்கள் வாக்கும் பொய்க்காது. இருபத்தொன்றாவது ரவிக்கையால் அந்தப் பெண்ணின் கைக்கும் ஒரு தொழில் வந்து சேரும்.