மலைமேல் விரைந்த மல்லி மஸ்தான் பாபு

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று நம் முன்னோர் பகுத்தனர். தென்காசி, குற்றாலப் பகுதியிற் பிறந்தார்க்கு அக்குறிஞ்சி ஏட்டில் மட்டும் காணும் பொருள் அன்று. கண்விழித்தவுடன் மேற்றிசையிற் காணும் பொருளாம். காசி விசுவநாதர் கோயிற் கோபுரத்தின் பின்னே குற்றால மலை முகில் சூழ நிற்கும் காட்சியைக் காணாது வளர்ந்தார் இங்கு ஒருவரும் இலர். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு எடுத்துரைப்பதை நாம் வகுப்பிற் கற்றுள்ளோம். எனினும் மலையைப் பாடுதல் வேறு. மலைமேல் ஏறுதல் வேறு. ஏறுவாருள்ளும் உலகின் பெருமலைகளை விரைந்து ஏறி முடித்தார் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் அண்டை நாடாகிய ஆந்திரத்திற் பிறந்தவர். அவர்தம் வரலாற்றையும், அவர் கையாண்ட முறையையும், அம்முறையினின்று நாம் அறியத்தக்கதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மல்லி மஸ்தான் பாபு நெல்லூர் மாவட்டத்துக் காந்தி ஜன சங்கம் என்னும் சிற்றூரில், எளிய குடும்பத்தில், 1974-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே வீட்டைப் பிரிந்து, கொருகொண்டாவிலுள்ள சைனிக் பள்ளியிற் சேர்ந்து பயின்றார். அப்பள்ளியின் பழைய மாணவராகிய உதயபாஸ்கர ராவ் என்னும் படைத்தலைவர், 1985-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற இந்தியப் படையினரோடு சென்று, அம்மலையிலேயே உயிர் துறந்தவர். அவர் நினைவே மஸ்தான் பாபுவின் உள்ளத்தில் மலையேறும் வேட்கையை முதலில் விதைத்தது. மலையில் மாண்டான் ஒருவன் வரலாறு பிறர்க்கு அச்சம் விளைத்தல் இயல்பு. இச்சிறுவர்க்கோ அஃது ஊக்கம் விளைத்தது. பழைய மாணவர் ஒருவரின் வாழ்வு, அவரை நேரிற் கண்டறியாத பின்னோரையும் எங்ஙனம் ஆட்கொள்ளும் என்பதற்கு இது நல்லதொரு சான்றாகும்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவர் ஜாம்ஷெட்பூரில் பொறியியலும், காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உயர்பட்டப் படிப்பும் பயின்றார். இடையே மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். பின்னர்க் கல்கத்தா மேலாண்மைக் கழகத்திற் சேர்ந்து 2004-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். இத்துணைக் கல்வி உடையார்க்குப் பெரும் பொருள் ஈட்டும் வழிகள் பலவும் திறந்திருந்தன. அவற்றை விடுத்து அவர் மலையை நாடினார். கற்ற கல்வியை அவர் கைவிட்டார் என்று சிலர் கருதலாம். அவர் செய்த காரியத்தை ஆராய்ந்து நோக்கின், கல்வி முழுவதும் அதனுள் அடங்கிக் கிடப்பதைக் காண்போம்.

அக்காரியம் யாது? உலகின் ஏழு பெருநிலப் பகுதிகளிலும் தனித்தனியே மிக உயர்ந்து நிற்கும் சிகரங்கள் ஏழையும் ஏறி முடித்தலை மலையேறுவோர் தனிப்பெருஞ் சிறப்பாகக் கருதுவர். அமெரிக்கராகிய டிக் பாஸ் என்பார் 1985-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் நிறைவேற்றினார். ஆஸ்திரேலியப் பகுதிக்குக் கொசியஸ்கோவை எண்ணுவதா, நியூகினித் தீவிலுள்ள கார்ஸ்டென்ஸ் சிகரத்தை எண்ணுவதா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. டிக் பாஸ் வகுத்த பட்டியலிற் கொசியஸ்கோவே இடம்பெற்றது. மஸ்தான் பாபு ஏறியதும் அப்பட்டியலின்படியே.

2006-ஆம் ஆண்டில் அவர் சென்ற வழி வருமாறு. சனவரி 19-ஆம் நாள் அண்டார்க்டிகாவின் வின்சன் (4,892 மீட்டர்). பிப்ரவரி 10-ஆம் நாள் தென்னமெரிக்காவின் அக்கொங்காகுவா (6,961 மீட்டர்). மார்ச்சு 15-ஆம் நாள் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்). ஏப்ரல் 1-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் கொசியஸ்கோ (2,228 மீட்டர்). மே 21-ஆம் நாள் ஆசியாவின் எவரெஸ்ட் (8,849 மீட்டர்). சூன் 13-ஆம் நாள் ஐரோப்பாவின் எல்பிரஸ் (5,642 மீட்டர்). சூலை 10-ஆம் நாள் வட அமெரிக்காவின் டெனாலி (6,190 மீட்டர்). முதற் சிகரத்தினின்று ஈற்றுச் சிகரம் வரை 172 நாட்கள். அந்நாளில் இவ்வளவு விரைவில் ஏழையும் முடித்தார் பிறர் இலர். இவ்வேழு நாட்களையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு மற்றொரு வியப்பும் புலப்படும். அவை முறையே வியாழன், வெள்ளி, புதன், சனி, ஞாயிறு, செவ்வாய், திங்கள் என ஏழு கிழமைகளும் ஒன்றும் விடாது அமைந்துள்ளன.

எவரெஸ்ட் எவ்வளவு உயரம் என்பதை எண்ணால் மட்டும் கூறின் மனத்தில் நில்லாது. தென்காசிக் கோபுரம் ஏறக்குறைய 180 அடி உயரம் உடையது. அத்தகைய கோபுரங்கள் 161-ஐ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எவரெஸ்டின் உயரம் ஆகும். பொதியத்து அகத்தியர் மலையோ 1,868 மீட்டர். அதனைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு எவரெஸ்ட்.

இது நிற்க. இவ்விரைவு எங்ஙனம் கைகூடிற்று என்பதே நாம் ஆராயத்தக்கது. திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்னும் எண்களில் அடுத்தடுத்து வைத்தனர். அவை வினை மேற்செல்லும் அரசனை நோக்கி உரைக்கப்பட்டனவேனும், மலைமேற் செல்வானுக்கும் அம்மூன்றுமே வேண்டப்படுவன. மஸ்தான் பாபுவின் பயணத்தை அம்மூன்றன் வழி நின்று காண்போம்.

முதலாவது வலி. உயரம் மிகமிகக் காற்று மென்மையுறும். எவரெஸ்டின் உச்சியில் ஒரு மூச்சிற் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்களவே. சமநிலத்தில் வாழும் ஒருவனைத் திடீரென அங்குக் கொண்டு வைப்பின், அவன் சில நிமிடங்களில் அறிவிழந்து வீழ்வான். சில வாரங்கள் படிப்படியாக ஏறிப் பழகினாலோ மூச்சு ஆழ்ந்து வரும். குருதியிற் செவ்வணுக்கள் பெருகும். உடல் அவ்வுயரத்தை ஒருவாறு தாங்கும். ஆதலின் மலையேறுவோர் பகலில் உயர ஏறி, இரவில் தாழ இறங்கி உறங்குவர். இதனைத் துரிதப்படுத்த எவராலும் இயலாது. மஸ்தான் பாபுவின் நாட்கணக்கு இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும். சிகரத்திற்கும் சிகரத்திற்கும் இடைப்பட்ட நாட்கள் முறையே 22, 33, 17, 50, 23, 27. அகத்தியர் மலையினும் 360 மீட்டரே மிக்க கொசியஸ்கோவிற்கு முன் 17 நாட்கள். எவரெஸ்டிற்கு முன்னோ 50 நாட்கள். விரைந்தவர் என்று பெயர்பெற்றவர் தம் காலத்தில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானதை ஒரே மலைக்கு அளித்துள்ளார். எங்கும் ஒரே வேகத்தில் ஓடுதல் விரைவு அன்று. நிற்க வேண்டிய இடத்தில் நின்று, கடக்கத்தக்கதைக் கடத்தலே விரைவு என்பது இதனாற் பெறப்படும். எவரெஸ்டிற் பழகிய உடல் சில வாரங்கள் அப்பழக்கத்தை முற்றும் இழவாது. அதனை அடுத்து எல்பிரஸும் டெனாலியும் வருதல் நோக்கத்தக்கது.

இரண்டாவது காலம். அண்டார்க்டிகாவில் ஏறத்தக்க பருவம் சனவரியோடு முடியும். அக்கொங்காகுவாவிற்குத் தென்கோளத்து வேனிலாகிய திசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. கிளிமஞ்சாரோவில் மார்ச்சுப் பிற்பகுதியில் பெருமழை தொடங்கும்; அதற்குச் சற்று முன்னரே அவர் உச்சியில் நின்றார். எவரெஸ்டின் உச்சியை ஆண்டின் பெரும்பகுதி கடுங்காற்று அலைக்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்திற் சில நாட்களே அக்காற்றுத் தணியும். டெனாலியின் பருவமோ சூலையின் தொடக்கத்தோடு ஏறக்குறைய முடியும். அவர் அதனை அடைந்தது பருவத்தின் வாலில். இடையில் ஒரு மலையிற் சில வாரம் தடைப்பட்டிருப்பின் அடுத்த மலையின் வாயில் அடைபட்டு, ஆண்டு முழுதும் வீணாயிருக்கும். எனவே 172 நாட்கள் என்பது கால்களின் வேகத்தை மட்டும் குறிப்பதன்று; உலகின் பருவங்களை ஒரு சரடிற் கோத்த கணக்கையும் குறிப்பதாகும். பொறியியலும் மேலாண்மையும் கற்றவர் அக்கல்வியைக் கைவிட்டிலர் என்று முற்கூறியது இதுபற்றியே.

மூன்றாவது இடம். ஏழு மலையும் ஏழு இயல்பின. வின்சனிற் கொடுங்குளிர், அக்கொங்காகுவாவிற் கடுங்காற்று, கிளிமஞ்சாரோ அடர்காட்டிற் தொடங்கிப் பனிக்கட்டியில் முடிவது, டெனாலியிலோ சுமையாள் இல்லை, தத்தம் பொருளைத் தாமே சுமந்தும் சறுக்குவண்டியில் இழுத்தும் செல்லல் வேண்டும். ஒரு மலையிற் கற்ற பாடம் மற்றொரு மலையிற் பயன்படாமற் போதலும் உண்டு.

மலையேற்றத்தில் விரைவு இருவகைப்படும். மஸ்தான் பாபு காட்டியது பல மலைகளை ஒரு காலத்துள் அடக்கும் விரைவு. ஒரே மலையை மணிக்கணக்கில் ஏறி முடித்தல் மற்றொரு வகை. சுவிட்சர்லாந்திலுள்ள ஐகர் மலையின் வடமுகம் 1938-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முதன்முதல் ஏறப்பட்டபொழுது அதற்கு நாட்கள் சில ஆயின. அந்நாட்டவராகிய ஊலி ஸ்டெக் 2015-ஆம் ஆண்டில் அதனை 2 மணி 22 நிமிடங்களில் தனியே ஏறி முடித்தார். இத்தகையோர் கூறும் நியாயம் ஒன்று உண்டு: சுமை குறைந்தால் விரைவு மிகும், விரைவு மிகுந்தால் கல்லும் பனியும் சரியும் இடத்தில் தங்கும் நேரம் குறையும். அந்நியாயம் மெய்யே. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. சுமையைக் குறைத்தவன் இடர் நேர்ந்தபொழுது ஒதுங்கக் கூடாரமும், உண்ண உணவும், கைகொடுக்கத் துணையும் இன்றி நிற்பான். ஊலி ஸ்டெக் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் இமயத்து நுப்சே மலையினின்று வீழ்ந்து மாண்டார்.

மஸ்தான் பாபுவின் முடிவும் மலையிலேயே நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், அர்ஜென்டீனாவும் சிலியும் கூடும் எல்லையில் ஆண்டிஸ் மலைத்தொடரின் திரெஸ் குருசெஸ் என்னும் பெருமலையில் தனியே மேலேறிச் சென்றவர் மீண்டிலர். தேடிச் சென்றோர் ஏப்ரல் முதல் வாரத்தில் அவர்தம் உடலைக் கண்டனர். அவ்வுடல் கடல்கடந்து, பிறந்த ஊராகிய காந்தி ஜன சங்கத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அப்பொழுது அவர்க்கு வயது 40.

இவ்விடத்து ஒரு வினா எழுதல் இயல்பு. வலியும் காலமும் இடனும் அறிந்தார் என்று போற்றப்பட்டவர் இங்ஙனம் மாண்டனரெனின், அவ்வறிவினாற் பயன் யாது? வீட்டில் அன்னை காத்திருக்கப் பனிமலையை நாடிச் செல்லுதல் அறமாகுமா? இவ்வினாவை எளிதென்று தள்ளுவார் மலையையும் அறியார், மனையையும் அறியார். மலையில் மாளுதலைப் பெருமை என்று பாராட்ட நாம் ஒருப்படோம். முன்னே கண்ட சாதனையை இம்முடிவு பொய்யாக்கிற்று என்று கூறவும் ஒருப்படோம். மார்ச்சுத் திங்களின் இறுதி என்பது தென்கோளத்து வேனில் கழியும் பருவம். உடன் ஒருவரும் இலர். தேர்ந்தவன் அறிவு இடரைக் குறைக்கும், முற்றும் ஒழிக்காது. எஞ்சி நிற்கும் அவ்விடரை ஏற்பதா மறுப்பதா என்று ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணித் துணிதல் வேண்டும். முன்னர் ஏழு முறை வென்றமை எட்டாம் முறைக்குப் பிணை ஆகாது.

இச்செய்தி நமக்கு நெடுந்தொலைவில் உள்ளதன்று. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் இளைஞன் ஒருவன் உயிரைக் கொண்டது. அடிவாரத்தில் வெயில் காயும்பொழுதே மலைமேல் மழை பெய்தல் கூடும். அருவியின் நிறமும் ஒலியும் மாறக் கண்டவுடன் விலகுதல் மலையடிவாரத்து மக்கள் வழிவழி அறிந்த பாடம். ஆயினும் சாரற் பருவந்தோறும், வேலி கடந்து வழுக்குப் பாறைமேல் ஏறுவாரையும், தடைசெய்யப்பட்ட தேனருவியை நாடுவாரையும் காண்கிறோம். அவர் தம்மை அஞ்சாதவர் என்று எண்ணுவர். மஸ்தான் பாபு எவரெஸ்டின் முன் 50 நாட்கள் காத்திருந்ததை அவர் எண்ணிப் பார்த்தல் நன்று. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி மந்தருக்கு உரைத்ததன்று, விரைவார்க்கே உரைத்தது. அறிந்து செல்லுதல் விரைவு. அறியாது பாய்தல் பதற்றம்.

மஸ்தான் பாபுவின் 172 நாட்கள் இன்று முதலிடத்தில் இல்லை. 2018-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியராகிய ஸ்டீவ் பிளெயின் 117 நாட்களில் அதனைக் கடந்தார். சாதனை என்பது கடக்கப்படுதற்கே உரியது. கடக்கப்படாது நிற்பது அவர் காட்டிய முறை. 2023-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் ஆனார். மலையேற்றம் வடநாட்டார்க்கும் வெளிநாட்டார்க்குமே உரியது என்று இனியும் நாம் சொல்லுதற்கு இடமில்லை.

ஆதலின் நம் கல்லூரியில் மலையேற்றக் கழகம் ஒன்று நிறுவப்பெறின் பெரும்பயன் விளையும் என்பது எம் கருத்து. வனத்துறையினர் 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 40 மலைவழிகளை வகுத்து, வழிகாட்டியோடு முறைப்படி ஏறும் ஏற்பாட்டைத் தொடங்கினர். ஆசிரியர் துணையோடும், உரிய ஒப்புதலோடும், மாணவர் சிறு மலைகளில் தொடங்கிப் பழகலாம். வானத்தை நோக்கி மழை அறிதல், சுமையை அளந்து கட்டுதல், உடன் வருவாருள் மெலியான் நடைக்கு ஏற்ப நடத்தல், உச்சி கண்ணெதிரே தோன்றினும் காலம் கடந்தால் திரும்புதல் ஆகிய இவற்றை வகுப்பறையிற் கற்பித்தல் அரிது, மலை கற்பிக்கும். கல்லூரித் தலைவரும், பொருளும் பட்டறிவும் உடைய பழைய மாணவரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.