காந்தம் இல்லாமலே காந்தப் புலம்!

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் இரயில் பாதையில் இருக்கிறது கீழ்வேளூர். கேடிலியப்பர் கோயில் கொண்ட ஊர். சுற்றிலும் நெல் வயல்கள். எல்லாம் காவிரி கொண்டு வந்து சேர்த்த மண்.

இந்தப் பக்கத்து ஆற்று மணலில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டக் காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, உலர்ந்த மணலுக்குள் இழுத்துப் பாருங்கள். கரிய மணல் துகள்கள் அதன் முனைகளில் மயிர் சிலிர்த்தது போல் நிற்கும். வெள்ளத்தோடு மலையிலிருந்து வந்த இரும்புத் தாது அது. மாக்னடைட் என்று பெயர்.

அந்தக் கருமணலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் மேல் ஒரு தாளை வைத்து, மணலைத் தூவி, தாளை விரலால் தட்டுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வளைவு வளைவாகக் கோடுகள் தோன்றும். காந்தத்தைச் சுற்றி அதன் சக்தி பரவியிருக்கும் இடத்தைத்தான் காந்தப் புலம் என்கிறார்கள். மணல் அதைக் காட்டுகிறதே தவிர, உண்டாக்கவில்லை. விளக்கைச் சுற்றி வெளிச்சம் இருப்பது போல, மணல் இல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

காந்தம் இருந்தால் புலம் உண்டு, சரி. புலம் இருந்தால் காந்தம் இருந்தே தீரவேண்டுமா?

வேண்டாம்! 1820-இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஓர்ஸ்டெட் ஒரு கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பிற்று. கம்பியோ காந்தமல்ல. ஓடும் மின்சாரமே புலத்தை உண்டாக்கிவிட்டது. வயலில் தண்ணீர் இறைக்கும் மின்சார மோட்டார் சுழல்வதும் இதனால்தான்.

நம் பூமியின் கதையும் இதுவே. பூமிக்குள் பெரிய காந்தக் கட்டி எதுவும் புதைந்து கிடக்கவில்லை. இரும்பு 770 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேயே தன் காந்த சக்தியை இழந்துவிடும். பூமியின் ஆழத்திலோ சூடு பல ஆயிரம் டிகிரி. அங்கே உருகிய இரும்பு ஓயாமல் புரண்டு ஓடுகிறது. அதில் எழும் மின்னோட்டமே பூமியின் காந்தப் புலத்துக்குக் காரணம்.

அந்தப் புலம் எல்லா ஊரிலும் ஒரே சாய்வில் இல்லை. நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி, லண்டனில் 60 டிகிரிக்கு மேல் தரையை நோக்கிச் சாயும். கீழ்வேளூரிலோ ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும். காந்த நடுக்கோடு தெற்கே அருகில் இருப்பதே காரணம். 1963 நவம்பர் 21-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்ததும் இந்தக் கோட்டை நம்பித்தான்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, சிறிது தூரத்தில் நாகப்பட்டினம். அங்கே கடலுக்குப் போகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. கையில் ஜி.பி.எஸ். கருவி இருந்தாலும், அதன் பேட்டரி தீர்ந்தால் திசைகாட்டிதான் துணை. அதன் ஊசியோ புலத்துக்கு அடிமை. பூமியின் புலம் மிக மெல்லியது. பக்கத்தில் ஓர் இரும்புக் கத்தியோ, காந்தம் வைத்த ஒலிபெருக்கியோ இருந்தால் போதும், ஊசி விலகிவிடும். ஐந்து டிகிரி விலகினால் 60 கிலோமீட்டர் ஓடிவரும் படகு, சேரவேண்டிய துறைக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். இருட்டில், எல்லைக் கோட்டுக்கு அருகே மீன் பிடிப்பவர்களுக்கு ஐந்து கிலோமீட்டர் என்பது சின்ன தூரமா?