தனித்து வாழும் முதியோர்: வீடு, கருவி, ஆள்

மலேசியாவில் 60 வயதை எட்டியவர்கள் மூத்த குடிமக்கள். 2030-இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இவர்களாக இருப்பர் என்பது அரசின் கணிப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் வேலை தேடிக் குடிபெயர, பெற்றோர் மட்டும் தங்கிவிட்ட வீடுகள் உண்டு. பழகிய வீட்டிலேயே அவர்கள் காலம் தள்ள மூன்று தேவை: விழவைக்காத வீடு, விழுந்தால் தகவல் சொல்லும் கருவி, தகவல் கேட்டு ஓடிவரும் ஆள்.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது குளியலறை. ஈரத் தரையும் குந்தும் கழிப்பறையும் தளர்ந்த முழங்காலுக்கு ஆபத்து. உட்காரும் கழிப்பறை, வழுக்காத பாய், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு ஆகியவை அதிகச் செலவில்லாத மாற்றங்கள். கைப்பிடியைச் சுவரில் துளையிட்டுத் திருகாணியால் இறுக்க வேண்டும். துண்டு போடும் கம்பியை நம்பிப் பிடித்தால், அது உடல் எடையைத் தாங்காமல் பெயர்ந்துவிடும்.

அடுத்தது கருவி. 2018-இல் ஆப்பிள் கைக்கடிகாரம் விழுதலை உணரும் வசதியோடு வந்தது. பலத்த மோதலை உள்ளிருக்கும் உணரிகள் கண்டுகொள்ளும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லாவிட்டால் கடிகாரம் தானாக அவசர எண்ணை அழைக்கும். ஆனால் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தால் அது உணராமல் போகலாம். குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டால் பயனே இல்லை. அதனால் தரைவரை தொங்கும் அழைப்புக் கயிறு குளியலறைக்குப் பொருத்தமானது. விழுந்து கிடப்பவரும் அதை எட்டி இழுக்கலாம். மூன்றாவது, ஓடிவரும் ஆள். 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வந்தாலும், கிரில் கதவு உள்ளே பூட்டியிருந்தால் வாசலிலேயே நிற்க நேரும். மாற்றுச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருப்பது நல்லது.

மருத்துவத்துக்கும் வழிகள் உள்ளன. நீண்டகால நோயாளிகள் தொடர் மருந்தைத் தபாலில் பெற அரசு மருத்துவமனைகளில் ஏற்பாடு உண்டு. பக்கவாதத்தால் படுத்தவர்களின் வீட்டுக்குச் சுகாதார அமைச்சின் குழு வந்து புண்ணுக்குக் கட்டுப்போடவும், குழாய் வழி உணவூட்டவும் குடும்பத்தாருக்குக் கற்றுத் தருகிறது. ஹோமேஜ் போன்ற தனியார் சேவைகள் பராமரிப்பாளரை மணிக்கணக்கில் அனுப்புகின்றன.

வீட்டுக்குள் முடங்காதிருப்பதும் அவசியம். சமூக நலத்துறையின் 'பாவே' எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்களில் உடற்பயிற்சி, கூட்டு நடவடிக்கைகள் நடக்கின்றன. ரேபிட் கேஎல் ரயில், பஸ்களில் மூத்தோருக்குப் பாதிக் கட்டணம். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோருக்காகப் பதிக்கப்பட்ட புடைப்புக் கற்கள், பார்வை மங்கிய முதியோருக்கும் பாதை காட்டுகின்றன.

செலவுக்கு ஓரளவு உதவியும் உண்டு. வருமானமில்லாத முதியோருக்குச் சமூக நலத்துறை மாத உதவித்தொகை தருகிறது. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 500 வெள்ளியிலிருந்து 600 ஆக்கியது. பெற்றோரின் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் செலவிடும் பிள்ளைகள் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரி விலக்குக் கோரலாம். அதற்கு ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.