நீர்நாய்க்கு மணல் எதற்கு?

நீங்கள் போளூர்ப் பக்கத்தவராயின் செய்யாற்றை அறிவீர்கள். ஆண்டில் பல மாதங்கள் அது வெறும் மணல்தான். நாள்தோறும் மீன் தேடும் நீர்நாய்க்கு வற்றாத நீர் வேண்டும். அதைக் காண ஒகேனக்கல் பக்கம், காவிரிக்கரைக்குச் செல்லலாம். ஆனால் நீர்நாய்க்கு மணலும் வேண்டும்! நீந்தும் பிராணிக்கு மணல் எதற்கு என்கிறீர்களா?

திமிங்கிலத்துக்குத் தோலின் அடியில் தடித்த கொழுப்பு உண்டு. அது குளிரைத் தாங்கும். நீர்நாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் போர்வை ரோமம்தான். மேலே நீண்ட மயிர், கீழே நெருங்கி வளர்ந்த மென்மயிர் என இரண்டு அடுக்கு. மென்மயிரின் இடையே காற்று தங்குவதால் நீர் எளிதில் தோலை எட்டாது. மயிர் அழுக்கேறி ஒட்டிக்கொண்டால் காற்றுக்கு இடம் ஏது? ஆகவே கரையேறியதும் மணலில் புரண்டு, உடலை உலர்த்தி, மயிரைக் கோதிவிடுகிறது.

காவிரியில் இவை குடும்பமாகவே வாழ்கின்றன. மீனை வளைப்பதும் பல வேளை கூட்டாகத்தான். மலங்கழிக்கவும் கரையில் பொது இடம் உண்டு! அருவருக்க வேண்டாம், அதிலுள்ள செதிலையும் முள்ளையும் கொண்டே அவை தின்ற மீன் எதுவென ஆராய்ச்சியாளர் அறிகின்றனர்.

குட்டி பிறக்கும்போது கண் திறந்திராது, நீந்தவும் தெரியாது. முதல் வாரங்கள் கரையிலுள்ள வளையில்தான் கழியும். நீர்நாயைக் கொல்வதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால் கரை மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டால், ஆற்றில் மீன் இருந்தும் அதற்குப் புரள இடமில்லை. குட்டி போடவும் இடமில்லை.