மாசம் இரண்டு கிலோ போதும்!

"டாக்டர், இன்னும் ரெண்டு மாசத்துல பையனுக்குக் கல்யாணம். போட்டோவுல நான் குண்டா தெரியக் கூடாது. ஒரு பதினஞ்சு கிலோ குறைக்கணும். நம்ம சித்த வைத்தியத்துல ஏதாவது இருக்கா?"

மாதத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், வெளிநாட்டிலிருந்து அண்ணன் வருகை... ஏதோ ஒரு தேதியை வைத்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். பாவம், உடம்புக்கு அந்தத் தேதி தெரியாது! அது தன்னுடைய வரவு செலவை மட்டும்தான் பார்க்கும். எனவே முதலில் அந்த வரவு செலவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், மளிகைக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

'வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைக்கலாம்' என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். படிக்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? ஒரு கிலோவைத்தான்! அந்த ஒரு கிலோ யாருக்குப் பொருந்தும் என்று யாரும் விளக்குவதில்லை.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். வாரத்துக்கு ஒரு கிலோ என்றால் தினம் 1,100. ஆறடி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 110 கிலோ எடையில் ஒரு நாற்பது வயது ஆண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடம்பு ஒரு நாளில் சுமார் 2,800 கலோரி செலவழிக்கும். 1,100 போனாலும் 1,700 மிச்சம். மூன்று வேளையும் ஓரளவு திருப்தியாகவே சாப்பிடலாம்.

இப்போது நம் வீட்டுப் பெண்மணியைப் பாருங்கள். ஐந்தடி ஓரங்குலம், எழுபது கிலோ, அதே நாற்பது வயது. அவர் உடம்பின் ஒரு நாள் செலவே 1,700-லிருந்து 1,800 வரைதான். அதில் 1,100-ஐக் கழித்தால் மிஞ்சுவது அறுநூற்றுச் சொச்சம். அதற்குப் பெயர் டயட் இல்லை, பஞ்சம்! அதிலேயே சமையல், ஆபீஸ், பஸ், பிள்ளைகளின் ஹோம்வொர்க் எல்லாம் நடக்க வேண்டும். பத்தே நாளில் தலைசுற்றல், எரிச்சல், 'ஏன்தான் இருக்கோமோ' என்கிற சோர்வு.

இதே பெண்மணி வாரத்துக்கு அரை கிலோ என்று வைத்துக்கொண்டால் தினம் 550 கலோரி குறைத்தால் போதும். 1,200 கையில் இருக்கும். அதனால்தான் நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்வது, மாசம் இரண்டு கிலோ. ஒன்றரை குறைந்தாலும் சந்தோஷம்தான்.

550-ஐ எங்கே பிடிப்பது?

சாப்பாட்டுத் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் மற்ற இடங்களைப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் 20 கலோரி, ஆக 120. சாயந்திரம் டி.வி. முன்னால் ஒரு கைப்பிடி மிக்சர், 30 கிராம்தான் இருக்கும்... 150 கலோரிக்கு மேல்! அப்புறம் எண்ணெய். நாலு பேர் இருக்கும் வீட்டில் மாசம் நாலு லிட்டர் வாங்குகிறீர்களா? ஒரு லிட்டர் எண்ணெய் 8,000 கலோரிக்கும் மேல். அதை இரண்டு லிட்டராக்கினால் தலைக்குத் தினம் 135 கலோரி மிச்சம். (மிச்சமாகும் பணம் வேறு!) இந்த மூன்றிலேயே 400 வந்துவிட்டதா? பாக்கி 150-க்கு முக்கால் மணி நேரம் கை வீசிக் கொஞ்சம் வேகமாக நடங்கள்.

இட்லியைத் தொடவில்லை, மத்தியானச் சாதத்தைத் தொடவில்லை, கணக்கு முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் காபிக்குச் சர்க்கரையே போடுவதில்லை, மிக்சரும் கிடையாது என்றால் சாதத்தில் ஒரு கப்பைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலை வையுங்கள். ஒரு கப் சாதம் ஏறக்குறைய 200 கலோரி. ஆனால் பருப்பு, சுண்டல், மோர், முட்டை இவற்றைக் குறைத்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கணக்கு இப்படி இருந்தாலும் உடம்பு ஒவ்வொரு வாரமும் அரை கிலோவை எண்ணி எண்ணிக் கொடுத்துவிடாது. ஒரு வாரம் முக்கால் கிலோ இறங்கும், அடுத்த வாரம் அசையாது.

தராசு சொல்லும் பொய்

"போன தடவை சாதத்தையே நிறுத்தினேன் டாக்டர், ஒரே வாரத்துல ரெண்டு கிலோ இறங்கிச்சே!" என்பார்கள். இறங்கியிருக்கும். ஆனால் அதில் பெரும் பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. அரை கிலோவுக்குள்தான் இருக்கும். ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாதத்தை நிறுத்தியதும் இருப்பு தீரும், தண்ணீர் வெளியேறும், தராசு முள் இறங்கும். மறுபடி நாலு நாள் சாதம் சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வரும். அதைப் பார்த்து 'எனக்கு மட்டும் தண்ணி குடிச்சாக்கூட வெயிட் போடுது' என்று மனம் உடைந்து விட்டுவிடுவது... தேவையில்லாத வேதனை.

வாரத்துக்கு ஒரு முறை மட்டும், அதே கிழமையில், காலைக் கடன் முடித்து, வெறும் வயிற்றில் பாருங்கள். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ கூடத் தெரியலாம். அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். தராசைவிட எனக்கு நம்பிக்கையானது தையல்காரரின் டேப். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, இதற்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டவருக்கான அளவு. எடை நகராத மாதத்தில்கூட இடுப்பு ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும்.

அவசரத்தின் விலை

எங்கள் சித்த மருத்துவத்தில் உடல் தாதுக்கள் ஏழு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். பட்டினி போடும்போது கொழுப்பு மட்டும் தனியாகக் கரையும் என்று நினைக்காதீர்கள். ஊனும் சேர்ந்தே கரையும். ஊன் என்பது தசை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கலோரியைச் செலவழித்துத் தருவது அது. அவசரமும் பட்டினியும் கூடக் கூட, தசையும் அதிகமாகப் போகும். பருப்பையும் முட்டையையும் குறைக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். நடையோடு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை இருபது தடவை செய்வதும் தசைக்காகத்தான்.

முடி? வேகமாக எடை குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஐப்பசியில் பட்டினி கிடந்தால் தை முகூர்த்தத்துக்குச் சவுரி தேட வேண்டியதுதான்! நல்ல வேளையாக, பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். பித்தப்பைக் கல் அப்படிப் போகாது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்குபவர்களுக்கு அது உண்டாகும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்து, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது. விடியற்காலையில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, வியர்த்துக் கொட்டி, நினைவு தப்பிக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடை குறையக் குறைய மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. உங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள்.

கொள்ளு கொழுப்பைக் கரைக்குமா என்று கேட்பீர்கள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி நல்லதுதான். கொள்ளில் புரதமும் நாரும் உண்டு, வயிறு நிறையும். அந்த ரசத்தை மூன்று தட்டு சாதத்தில் ஊற்றிப் பிசைந்தால் கொள்ளு என்ன செய்யும், பாவம்! வெந்நீரில் தேன் கலந்து குடிப்பவர்களுக்கும் ஒன்று: தேனிலும் ஒரு டீஸ்பூனுக்கு 20 கலோரி இருக்கிறது. பேதி மருந்து சாப்பிட்டு இளைக்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். சித்த மருத்துவத்தில் கழிச்சல் கொடுப்பதற்கென்று காரணமும் முறையும் உண்டு. அடிக்கடி பேதியானால் போவது தண்ணீரும் உப்பும்தான்.

'மூலிகைப் பொடி, 30 நாளில் 10 கிலோ' என்று விற்பதைப் பற்றி எங்கள் வைத்தியத்தின் பெயரால் வருவதாலேயே கொஞ்சம் கோபமாகச் சொல்கிறேன். வாங்காதீர்கள். இளைக்க வைக்கும் மூலிகை என்று விற்கப்பட்ட சில சரக்குகளில் சிபுட்ரமின் என்ற ஆங்கில மருந்தைக் கலந்திருந்ததை வெளிநாடுகளில் பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2011-ல் நம் நாட்டிலும் தடை செய்யப்பட்ட மருந்து அது. பத்து நாளில் பசியே இல்லாமல் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால், அந்த டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

மெதுவாகக் குறைத்தால் திரும்ப ஏறாது என்று நான் சொல்லப் போவதாக நினைத்தீர்களா? அப்படிச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பருமனான சுமார் 200 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 வாரத்திலும் இன்னொன்றுக்கு 36 வாரத்திலும் எடை குறைக்க ஏற்பாடு செய்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. நன்றாகக் குறைத்தவர்களை அப்புறம் மூன்று வருஷத்துக்குக் கிட்டத்தட்டத் தொடர்ந்து பார்த்ததில், இரண்டு பிரிவிலுமே போன எடையில் எழுபது சதவீதம் திரும்பி வந்திருந்தது! டாக்டர்களின் நேரடிக் கண்காணிப்பில், தேவைப்படும் நோயாளிக்கு வேகமாகக் குறைப்பதும் ஒரு சிகிச்சைதான். வீட்டில் நாமாகச் செய்வதற்குத்தான் நிதானம் வேண்டும். தவிர, மிக்சரும் இரண்டு லிட்டர் எண்ணெயும் குறைந்தது எடை இறங்கிய பிறகும் அப்படியே தொடர வேண்டும். கஞ்சித் தண்ணீரில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் பழைய சாப்பாட்டுக்கே போனால் எந்த வேகமும் உதவாது.

நாலைந்து மாதத்தில் எடை ஓரிடத்தில் நின்றுவிடும். இது எல்லோருக்கும் வருவது. எழுபது கிலோவைச் சுமந்த உடம்பு அறுபத்து நாலைச் சுமக்கக் குறைவாகவே செலவழிக்கும். போதாதற்கு, பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துச் சிக்கனமும் பிடிக்கும். அமெரிக்காவில் போட்டி போட்டு எடை குறைக்கும் ஒரு டி.வி. நிகழ்ச்சியில் 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. ஆனாலும் அவர்கள் உடம்பு, இருக்க வேண்டியதைவிடத் தினம் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. 2016-ல் வெளிவந்த செய்தி இது.

எடை நின்றவுடன் சாப்பாட்டை மேலும் வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் அதே எடையில் தங்குங்கள். தீபாவளி, பொங்கல் மாதங்களைத் தங்கும் மாதமாக வைத்துக்கொள்ளலாம், எடை ஏறாமல் இருந்தாலே வெற்றி. பிறகு மறுபடி மெல்ல இறங்குங்கள். எங்கே நிறுத்துவது? கல்லூரிக் காலத்து எடைக்கே போக வேண்டியதில்லை. இருக்கும் எடையில் பத்தில் ஒரு பங்கு, எழுபதுக்கு ஏழு கிலோ குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நல்ல மாற்றம் காட்டும். மூட்டுவலியும் தணியும். நம் பெண்மணிக்கு அது தங்கும் மாதத்தையும் சேர்த்து அரை வருஷத்து வேலை.

கர்ப்பிணிகளும், தாய்ப்பால் கொடுப்பவர்களும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களும் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது. அவர்களுக்குத் தசை போனால் திரும்பி வருவது கஷ்டம். சாப்பாட்டையும் குறைக்கவில்லை, நடக்கவும் இல்லை, ஆனாலும் மாதத்துக்கு இரண்டு கிலோ தானாகவே இறங்குகிறது என்றால் 'பரவாயில்லையே, இளைச்சுட்டேனே' என்று மகிழாமல், அந்த வாரமே போய்ச் சர்க்கரை, தைராய்டு, நெஞ்சு எக்ஸ்ரே மூன்றையும் பார்த்துவிடுங்கள்.