கல்முனைக் கரையில் கிறித்தவ உபதேசமும் அதன் உரைகல்லும்

முஸ்லிம்கள் செறிந்து வாழும் கல்முனைக் கரையில் கிறித்தவர் சிறுதொகையினரே. எனினும் அவர்தம் சமயமொழி ஒன்றாய் அமைந்ததில்லை. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘சர்வேசுரன்’, ‘சேசு’ என வழங்க, 1814இல் மட்டக்களப்பிற் காலூன்றிய வெஸ்லியன் மிஷன் வழிவந்த மெதடிஸ்தர் ‘தேவன்’, ‘இயேசு’ என்றனர். சொல் வேறுபாடு சிறிதே. அதன் பின்னுள்ள வினாவோ பெரிது. எது அப்போஸ்தலர் போதனை, எது பின்வந்தோர் புனைவு?

கி.பி. 180ஐ அடுத்து இரேனியு ஞானவாதிகளை மறுத்தபோது, அப்போஸ்தலர் முதலாக ஆயர்கள் வழிவழி வெளிப்படையாகக் கையளித்ததே மெய்யென்றார்; சிலர்க்கே மறைவாய் உரைக்கப்பட்டதெனும் கூற்றை ஏற்றிலர். ஹதீஸின் இஸ்னாதை அறிந்த இவ்வூரார்க்கு இம்முறை புதிதன்று. (இஸ்னாத் ஒவ்வொரு கூற்றுக்கும் உரியது, ஆயர் வரிசையோ சபை முழுமைக்கும் உரியது. இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று.)

கத்தோலிக்கர் அவ்வரிசையையும் வேதநூலையும் ஒருங்கே கொள்வர். மெதடிஸ்தர் நூலையே இறுதி அளவுகோலாக்குவர். ஆயின் நூலெல்லையிலும் ஒருமையில்லை: முன்னையோர்க்கு 73 நூல்கள், பின்னையோர்க்கு 66. ஆகவே, ‘வேதத்தில் உள்ளதா?’ எனும் வினா மட்டும் இறந்தோர்க்கான மன்றாட்டு பற்றிய வழக்கைத் தீர்க்காதென்பது எம் கருத்து. அதற்குச் சான்று காட்டப்பெறும் மக்கபேயர் இரண்டாம் நூல் அவ்வேழனுள் ஒன்றன்றோ! இரு சாராரும் கூடி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் ‘கடவுள்’ எனும் பொதுச்சொல்லைக் கொண்டது. அவ்வேழு நூல்களையோ ‘இணைத் திருமுறை’ எனத் தனிப்பகுதியாகவே வைத்தது.