லினக்ஸ் கணினியில் கெர்னலைப் புதுப்பிப்பது ஏன் அவசியம்? எவ்வாறு செய்வது?

சென்னை: தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இயங்குதளம் மாணவர்களின் வீடுகளைச் சென்றடைந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்த நிலையில், பழைய கணினிகளுக்கு மாற்றாக லினக்ஸ் மீண்டும் கவனம் பெற்றுள்ளது. அதனைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டியது கெர்னல் புதுப்பிப்பு.

கெர்னல் என்பது என்ன?

கணினியின் வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் இடையே பாலமாகச் செயல்படும் மென்பொருளே கெர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், உபுண்டு, டெபியன், பாஸ் ஆகிய அனைத்துக்கும் அடிப்படையாகும்.

புதுப்பிக்காவிட்டால் என்ன நேரும்?

2022 மார்ச் மாதம் ‘டர்ட்டி பைப்’ என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானது. 5.8 பதிப்பு முதல் இருந்த இக்குறைபாட்டால், சாதாரண பயனர் கணக்கில் நுழைந்த ஒருவர், படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்புகளை மாற்றி, கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்ற இயலும். 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது.

செய்ய வேண்டியவை

* முக்கியக் கோப்புகளை முதலில் வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும். மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்திருப்பது நல்லது.

* இயங்குதளத்துடன் வரும் புதுப்பிப்புச் செயலி மூலமாகவே கெர்னலை நிறுவுவது பாதுகாப்பானது.

* நிறுவியபின் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதுவரை பழைய கெர்னலே இயங்கும், குறைபாடும் நீடிக்கும்.

* டெர்மினலில் ‘யூநேம்’ கட்டளையை ‘ஆர்’ துணைக்குறியுடன் இட்டால், இயங்கும் பதிப்பை அறியலாம். இயங்குதள நிறுவனங்கள் பழைய பதிப்பிலேயே திருத்தங்களைச் சேர்ப்பதுண்டு என்பதால், பதிப்பு எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்யக் கூடாது.

திரை இருண்டுவிட்டால்?

புதிய கெர்னலுடன் கிராஃபிக்ஸ் அல்லது வைஃபை டிரைவர் பொருந்தாமல் போவதுண்டு. அச்சம் தேவையில்லை. உபுண்டு, டெபியன் போன்றவை முந்தைய கெர்னலையும் வைத்திருக்கும். கணினி தொடங்கும்போது தோன்றும் ‘கிரப்’ பட்டியலில், கூடுதல் தெரிவுகளுக்குள் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம். எனவே, புதியது சீராக இயங்குவதை உறுதி செய்யும் வரை பழையதை நீக்கக் கூடாது. அதேவேளையில், பல பழைய கெர்னல்கள் சேர்ந்து ‘பூட்’ பகுதி நிரம்பினால் அடுத்த புதுப்பிப்பு தடைபடும் என்பதால், தேவையற்றவற்றை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

ஆதரவுக் காலம் முடிந்த இயங்குதளங்களுக்கு இத்திருத்தங்கள் வழக்கமாக வருவதில்லை. அத்தகைய கணினிகளில் இயங்குதளத்தையே புதிய பதிப்புக்கு மாற்றுவதே தீர்வாகும்.